நாலு கிலோ கடப்பாரை

சுடும் கிளப்புக்கார ஆம்பளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொம்பளை துப்பாக்கி அலமாரிக்கு முன்னால் வந்து நின்றால் போதும், இருப்பதிலேயே லேசானதைத் தேடி எடுத்து அவள் கையில் திணித்துவிட்டு, என்னமோ அன்னதானம் பண்ணின மாதிரி பூரித்துப் போய் நிற்பார்கள். அந்தச் சனிக்கிழமை காலையில் செல்லாயிக்கும் அதுதான் நடந்தது.

"இஞ்ச பாரும் ஷெல்லி," என்றார் டாக்டர் ஞானசேகரம். "ரெண்டே முக்கால் கிலோதான். உமக்கெண்டே செய்த மாதிரி இருக்கு."

டாக்டர் என்றால் பல் டாக்டர். ஈப்போவில் முப்பது வருசம் பல் பிடுங்கி ஓய்வு பெற்றவர், இப்போது கிளப்புக்குக் கேப்டன். நல்ல மனுசர்தான், ஒருத்தரையும் அதட்டிப் பேச மாட்டார். ஆனால் செல்லாயி என்ற பேர் ஒன்பது வருசமாக அவர் வாயில் நுழையவில்லை. முதல் நாளே ஷெல்லி என்றார், கிளப்பே ஷெல்லி என்றது. குழிக்குள் உட்கார்ந்து, தட்டு எறிகிற மிஷினுக்குக் களிமண் தட்டுகளை அடுக்கிக் கொடுக்கிற வேலைக்காரிக்குப் பேர் எதுவாக இருந்தால் என்ன என்று அவளும் அப்போது விட்டுவிட்டாள்.

அஞ்சு வருசம் வேலை பார்த்தவர்கள் திங்கட்கிழமைகளில் சுட்டுப் பழகலாம் என்று கிளப்பில் ஒரு விதி. யாரும் பழக வர மாட்டார்கள் என்ற தைரியத்தில் போட்ட விதி அது. செல்லாயி வந்தாள். தட்டு எந்தப் பக்கம் பறக்கும், எங்கே தணியும் என்று குழிக்குள்ளிருந்தே பார்த்துப் பார்த்து அவளுக்கு அத்துப்படி. ரெண்டே வருசத்தில், பெரிய காரில் வந்து இறங்குகிற பெரிய மனுசர்களையெல்லாம் அவள் மிஞ்சிவிட்டாள்.

மிஞ்சி என்ன பண்ண? போன வருசத் தேர்வில் தோள் காலை வாரிவிட்டது. பேராக் மாநிலக் குழுவின் பயிற்சிக்குக் கிளப்பிலிருந்து ஒரே ஒரு ஆள் போகலாம். நூறு தட்டு சுட வேண்டும். அறுபத்திரண்டாவது தட்டில், துப்பாக்கி உதைத்த உதையில், அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்தாள். டாக்டர் புத்தகத்தில் அவள் பேருக்கு நேரே 'உடல் தகுதி இல்லை' என்று எழுதினார். இந்த வருசமும் பாதியில் வைத்தால் அவ்வளவுதான், மறுபடி பேர் கொடுக்க முடியாது.

அதில் அவள் தப்பும் இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ரப்பர் தோட்டத்தில் பதிமூணு வயசிலிருந்து அம்மாவோடு காண்டா கம்பு சுமந்தவள். கம்பின் ரெண்டு முனையிலும் பால் வாளி தொங்கும், தோளில் துண்டை மடித்து வைத்து அதன் மேல் கம்பை வைப்பார்கள். அந்தப் பழக்கத்தில் போன வருசம் சட்டைக்குள் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு போனாள். துண்டு நழுவ நழுவத் துப்பாக்கிக் கட்டையும் நழுவி, காறை எலும்பிலேயே இடித்தது. வாளி கீழ்ப்பக்கம் அழுத்தும், துப்பாக்கி பின்பக்கம் உதைக்கும். இது கூடத் தெரியாமல் போனோமே என்று அவள் தன்னைத் தானே திட்டாத நாள் கிடையாது.

"என்ன யோசிக்கிறீர்? எழுதட்டோ?" டாக்டர் பேனாவைத் திறந்தார். இன்றைக்கு எந்தத் துப்பாக்கி எழுதப்படுகிறதோ, ஆறு வாரம் கழித்து நடக்கிற தேர்வில் அதுதான். மாற்ற முடியாது.

"அஞ்சு தோட்டா சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன் டாக்டர்."

சுட்டாள். அம்மாடி! லேசான துப்பாக்கி கன்னத்தில் பளார் என்று அறைந்தது. மூணாவது தோட்டாவிலேயே கடைவாய் வலித்தது. கிளப்பின் வழக்கமான துப்பாக்கி போன வருசத்து எதிரி, அதைத் தொடவே மனசில்லை. அலமாரியின் கோடியில் ஒன்று கிடந்தது. காம்பார் ஈயச் சுரங்க முதலாளி ஒருவர் விட்டுப் போனது. நீளமான இரட்டைக் குழல், ஒன்றின் மேல் ஒன்று. நாலு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதற்குக் கிளப்பில் கடப்பாரை என்று பேர்.

அதை எடுத்துச் சுட்டபோது அவள் தோளில் அறை விழவில்லை. பின்னால் நிற்கிற ஆள் கையால் தள்ளினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அவளுக்குச் சட்டென்று வாளி ஞாபகம் வந்தது. நிறைந்த வாளி ரெண்டு பக்கமும் அசையாமல் வரும். பாதி வாளிதான் தளும்பி, கம்பை உலுக்கி, தோளைப் புண்ணாக்கும். லேசாக இருக்கிறதே என்று பாதி நிரப்பிக்கொண்டு நடக்கிற புதுசுகளைப் பார்த்து அம்மா சிரிப்பாள். அட, இத்தனை நாளும் இது நம்ம மண்டையில உறைக்கலையே என்று செல்லாயிக்குக் கோபமும் சந்தோசமும் சேர்ந்து வந்தது.

"இதை எழுதுங்க டாக்டர்."

"உமக்கென்ன விசரோ? தூக்கவே மாட்டீர்!"

"லேசான துப்பாக்கிதான் டாக்டர் அதிகமா உதைக்கும். உதைய வாங்கிக்க அதுக்கு உடம்பு இல்ல, அதனால எல்லாத்தையும் என் மேல தள்ளிவிடுது. இதுக்கு உடம்பு இருக்கு."

பக்கத்தில் நின்ற யுகேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். டாக்டரின் தங்கை மகன், முப்பது வயசு, ஜிம் உடம்பு, அவனும் தேர்வுக்குப் பேர் கொடுத்தவன். "அக்கா, கடப்பாரைய வச்சு குழி தோண்டப் போறீங்களா லா? நீங்க வேணாம்னா அந்தச் சின்னதை நான் எடுத்துக்கிறேன். ஸ்டைலா இருக்கு."

"தாராளமா எடுத்துக்கப்பா," என்றாள் செல்லாயி. டாக்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டே ரெண்டையும் எழுதினார்.

அவள் அதோடு விடவில்லை. பின்கட்டை அவள் கைக்கு நீளம். ரப்பர் திண்டுக்கு அடியில் ரெண்டு வில்லை வைத்திருந்தார்கள், அதைக் கழற்றச் சொன்னாள். கட்டை தோளின் குழிவில் ஒழுங்காக உட்கார்ந்தது. தோட்டாவிலும் இருபத்திநாலு கிராம் மட்டும் ரவை போட்ட, உதை குறைந்ததையே கேட்டு வாங்கினாள். அதுக்குத் தட்டு உடையாது என்றான் யுகேந்திரன். நேரா பட்டா உடையும்ப்பா என்றாள்.

முதல் ரெண்டு வாரம் மானம் போயிற்று. தோள் வலிக்கவில்லை, சரி. ஆனால் அம்பதாவது தட்டுக்கு மேல் இடது கை நடுங்கியது, குழல் தணிந்தது, தட்டு தன் பாட்டுக்குப் பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. நூற்றுக்கு அம்பத்தெட்டு. குழிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

வீட்டில் புருசன் தர்மேந்திரன் வேறு. லோரி ஓட்டுகிறவன், கனம் என்றால் தனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு. "நாந்தான் சொன்னேன்ல? உனக்கு தாஹான் பண்ண முடியாது செல்லாயி, தாங்க மாட்டே. போய் டாக்டர் கையில கால்ல விழுந்து மாத்திட்டு வா."

"யாரு கால்லயும் விழ மாட்டேன்," என்று பொரிந்தாள் அவள். "கை வலிக்குதுன்னா பழக்குறேன். தோளு போச்சுன்னா என்னத்தப் பழக்குறது?"

மறுநாள் விடிகாலை குளியலறை வாளியில் தண்ணீர் நிரப்பி, இடது கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாள் இருபது எண்ணுவதற்குள் வாளி கீழே வந்தது. நாலாவது வாரம் தர்மேந்திரன் பல் தேய்த்து முடிக்கும் வரை அசையவில்லை. அவன் போய் ரெண்டு முட்டை அவித்துக்கொண்டு வந்து வைத்தான். அதுதான் அவன் மன்னிப்புக் கேட்கிற விதம்.

தேர்வன்று தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து மலை மேல் மேகம் இறங்கிக் கிடந்தது. செல்லாயி வரிசைக்கு வந்தபோது, அவளுக்கு நேர் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. வேறு யாருக்கும் போடவில்லை.

"இது எதுக்கு டாக்டர்?"

"போன வருசம் மயங்கப் பாத்தீரெல்லோ? பாதியில ஏலாமப் போனா இருக்கலாம்."

அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது. மூக்கு விடைத்துக்கொண்டு நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

முதல் இருபத்தஞ்சில் பத்தொன்பது. அடுத்ததில் இருபத்தொண்ணு. மூணாவது சுற்றில் அறுபத்திரண்டாவது தட்டு வந்தபோது எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அது உடைந்து ஆரஞ்சுத் தூளாகக் கொட்டியது. அந்தச் சுற்று இருபது, கடைசிச் சுற்று இருபத்திரண்டு. ஆக எண்பத்திரண்டு. நூறும் முடிந்தது, நாற்காலி அப்படியே கிடந்தது.

யுகேந்திரன் முதல் சுற்றிலேயே இருபத்திமூணு போட்டுச் சீட்டி அடித்தான். ஆனால் சின்னத் துப்பாக்கி அவன் கன்னத்தை விடவில்லை. கடைசிச் சுற்றில் விசையை அழுத்தும் முன்னாலேயே அவன் கண் மூடியது. பதினேழு. அவனுக்கும் எண்பத்திரண்டு.

டாக்டர் கணக்கை ரெண்டு தரம் பார்த்தார். பிறகு செல்லாயியிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "சமனாப் போச்சு. விதிப்படி ஒவ்வொரு தட்டாச் சுட்டுப் பாக்கவேணும், முதல்ல தவற விட்டவர் வெளிய. ஆனா உமக்கு அந்தத் தோளோட இனியும் ஏன்? நூறும் முடிச்சிட்டீர், அதுவே பெரிய காரியம். பெடியனுக்கு விட்டுக் குடுத்தா எல்லாருக்கும் மரியாதையா இருக்கும்."

கிளப் வருவதற்கு முன்னால், அவள் நின்ற இடம்தான் அவர்கள் தோட்டத்துப் பிரட்டுக் களம். தோட்டம் இருந்த காலத்தில் விடிவதற்கு முன்னே எல்லாரும் வரிசையில் நின்று, கணக்கெழுதுகிற கிராணிக்குப் பேர் கொடுக்கிற இடம். அஞ்சு நிமிசம் பிந்தி வந்ததற்கு, இதே மண்ணில்தான் அவள் அம்மாவைக் கிராணி 'திரும்பிப் போ' என்றான். அம்மா வாயைத் திறக்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். பக்கத்தில் நின்ற செல்லாயிக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை.

அவள் போய் நாற்காலியைத் தூக்கி வந்து டாக்டர் முன்னால் வைத்தாள்.

"நீங்க உக்காருங்க டாக்டர். எனக்காகப் போட்டது சும்மா கெடக்கு. நான் போக மாட்டேன், நின்னுதான் சுடுவேன்."

டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். யுகேந்திரன் அதற்குள் தோட்டா எடுக்கப் போயிருந்தான். உட்கார்ந்தார்.

யுகேந்திரன் சுட்டான், உடைந்தது. அவள் சுட்டாள், உடைந்தது. நாலு தட்டு வரைக்கும் இப்படியே போயிற்று. அஞ்சாவது தட்டுக்கு அவன் துப்பாக்கியைத் தூக்கும்போதே கன்னம் பின்வாங்கியது. தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. "அலாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

செல்லாயி கடப்பாரையைத் தோளில் பதித்தாள். கை நடுங்கவில்லை. தட்டை விடச் சொல்லி "புல்!" என்று இங்கிலீசில் அவள் போட்ட சத்தம் மலையில் மோதித் திரும்பியது. தட்டு இடது பக்கம் சீறிப் பாய்ந்தது, அவள் அதற்கு முன்னால் குழலை ஓட்டி அழுத்தினாள். தூள்.

முதலில் கை தட்டியவன் யுகேந்திரன். "கடப்பாரைக்குக் கும்பிடு போடுறேன்கா," என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

அவள் துப்பாக்கியைத் திறந்து, சூடான தோட்டாக் கூட்டை எடுத்துப் போட்டுவிட்டு, நேராக நாற்காலிக்கு வந்தாள். டாக்டர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் தேடினார். 'ஷெ' என்று எழுதத் தொடங்கியும் விட்டார்.

"அடிச்சிட்டு எழுதுங்க டாக்டர்," என்றாள் அவள். "என் பேரு செல்லாயி."