கறுப்பு, உயரம், சைட் ஆள்

1
இந்தக் கதை திருட்டுப் பொருள். துபாய் சத்வாவில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை கௌஸ் முகம்மது, "யார்ட்டயும் சொல்லிப்புடாதீங்க" என்று என்னிடம் சொன்னது. சொல்லிவிட்டேன்.

முதல் வாக்கியம்: '1996இல் துபாயின் வானம்...' வேண்டாம். வானம் எதையும் திருடவில்லை. காணாமல் போனது கடையிலிருந்த டேப்ரிக்கார்டர். மதியம் கடை சாத்தியிருந்த நேரத்தில்.

2
சாயங்காலம் கடைவாசலில் மாநாடு. டீக்கடை மலையாளி, பட்டாணியர்கள் வந்த பிறகுதான் தெரு கெட்டது என்றார். டாக்சி ஓட்டும் பட்டாணியர் பெங்காலிகளைக் கைகாட்டினார். முடிவெட்டும் பெங்காலி "மதராசி" என்று ஆரம்பித்து, கௌஸ் முகம்மதைப் பார்த்ததும் இருமினார். (இருமல் மட்டும் என் சேர்க்கை.) எல்லோரும் ஒன்றுபட்ட விஷயம் ஒன்றுதான்: குடும்பங்கள் வசிக்கும் தெருவில் சைட் ஆட்களை, அதாவது கட்டட வேலைக்காரர்களை, நடமாட விடக்கூடாது.

போலீஸ் வந்து அடையாளம் கேட்டது. "கறுப்பா, உயரமா இருப்பான். சைட் ஆளு" என்றார் கௌஸ் முகம்மது. அவர் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

3
வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறந்ததும் போலீஸ்காரர் ஒருவர் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். கறுப்பு, உயரம், சைட் ஆள். முதுகுளத்தூர்ப் பக்கம். கார்மேகம் என்பது நான் வைத்த பெயர். இரண்டு வருடமாக வாராவாரம் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்துதான் ரஸ்க்கும் பவுடரும் வாங்குவார். அடையாளத்துக்குக் காட்ட வேண்டிய லேபர் கார்டை ரூமிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"பாய், நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுன்னு சொல்லுங்க பாய்."

"தெரியுமா இவனை?" என்று போலீஸ்காரர் இந்தியில் கேட்டார்.

[முதல் வரைவில் கௌஸ் முகம்மது, "இவன் என் உடன்பிறவாத..." எனக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டேன்.]

தெரியும், இவனில்லை என்றால் 'அப்போ யாரைப் பார்த்தாய்?' என்பார்கள், தன் புளுகு வெளிப்படும், தன் விசாவுக்கே வேட்டு வைப்பார்கள் என்று பயம். "தெரியாது" என்றார்.

கார்மேகம் ஜீப்பில் ஏறினார். அன்று உப்பு கேட்டவருக்கெல்லாம் கௌஸ் முகம்மது சர்க்கரை கொடுத்தார்.

4
மூன்றாம் நாள் கம்பெனி ஆள் கார்டோடு ஸ்டேஷனுக்குப் போய்க் கார்மேகத்தைக் கூட்டி வந்தார். திருடன் யார் என்று கேட்காதீர்கள், இன்றுவரை அகப்படவில்லை.

அடுத்த வெள்ளி கார்மேகம் கடைக்கு வந்தார். ரஸ்க், பவுடரோடு கௌஸ் முகம்மது ஒரு பெரிய பால்டின்னையும் எடுத்து வைத்தார்.

"இது நான் குடுக்குறது. வச்சுக்குங்க தம்பி."

"வேணாம் பாய். நான் வாங்குனதுக்கு மட்டும் பில்லு போட்டுக் குடுங்க. வழியில எவனாச்சும் மறிச்சுக் கேட்டா காட்டணும்ல?"

கௌஸ் முகம்மது தூசி தட்டி பில் புத்தகத்தை எடுத்தார். மேலே பெயர் எழுத ஒரு கோடு. பேனா அங்கே நின்றுவிட்டது. இரண்டு வருடத்தில் இந்த ஆளின் பெயரைக் கேட்டதே இல்லை.

பிறகு? முடிவு அ: கேட்டார். முடிவு ஆ: கோட்டைக் காலியாக விட்டு பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

எது என்று கேட்டேன். "கடைக்கு ஆள் வந்திருக்கு" என்று எழுந்து போனார் கௌஸ் முகம்மது. யாரும் வந்திருக்கவில்லை. பேனாவை நீங்கள் பிடியுங்கள்.