நடுப்பகலில் நாற்பத்திரண்டு வீட்டு விளக்கு

1

அன்று பவர் ஹவுஸில் இருந்தவர்கள்: ஆபரேட்டர் அண்ணன். மின் கமிட்டித் தலைவியான டீச்சர். என் அக்கா. அக்காவின் மாவு மெஷின். மூன்று வாரத்துக்கு முன் அங்கே நைட் ஷிஃப்டை விட்டு ஓடிய நான்.

[பட்டியலில் ஆற்றையும் சேர்த்திருந்தேன். அடித்துவிட்டேன். அது என்றைக்கு லீவு போட்டது, வருகைப் பதிவு எடுக்க?]

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. முதல் வரைவில் தப்பை ஆபரேட்டர் அண்ணன் தலையில் கட்டினேன். இரண்டாவதில் மழைமேல் போட்டேன். மழை மறுத்துப் பேசாது. இது மூன்றாவது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன், வேலையையும் பாதியில் விட்டவன். இதையாவது முடிக்கப் பார்க்கிறேன்.

2

"மலைமகளின் மார்பில் வெள்ளிச் சரமாய்த் தவழ்ந்த அந்த"

வேண்டாம். தண்ணீர். அவ்வளவுதான். அணை கிடையாது. ஆற்றில் ஒரு பங்கை வாய்க்காலில் திருப்பி, குழாயில் செங்குத்தாக இறக்கி, ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, கீழே மறுபடி ஆற்றிலேயே விடுகிறோம். அதில் நாற்பத்திரண்டு வீடுகளுக்கு வெளிச்சம்.*

* மண்ணெண்ணெய்ப் புகையில் இருமாமல் வளர்ந்த முதல் பிள்ளைகள் இப்போது டீச்சரிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறார்கள்.

மாவரைக்க மட்டும் மலையிறங்க வேண்டும். போக நான்கு மணி நேரம், மூட்டையோடு ஏற ஆறு. அக்காவின் இடது தோள் வலதைவிடத் தாழ்ந்திருக்கும். அவள் ஒரு மெஷினைப் பாகம் பாகமாக மேலே சுமந்து வந்து, பவர் ஹவுஸை ஒட்டிய கொட்டகையில் பூட்டினாள். கமிட்டி ஒரு நிபந்தனை வைத்தது: ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும், எந்த வீட்டிலும் விளக்கு மங்கக் கூடாது. மங்கினால் மெஷின் வந்த வழியே கீழே போகும். பின்னாலேயே அக்காவும், மூட்டையோடு.

3

கொஞ்சம் நுட்பம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் இழுக்காத மின்சாரத்தை எங்காவது செலவழித்தாக வேண்டும். இல்லையென்றால் சக்கரம் தறிகெட்டுச் சுற்றும். அதற்காக ஒரு தொட்டியில் இரண்டு ஹீட்டர் கம்பிகள் உண்டு. மிஞ்சியதெல்லாம் வெந்நீர். ஊரே அதில்தான் குளிக்கிறது.

4

அன்று அக்கா சுவிட்சைப் போட்டாள். அக்கா சுவிட்சைப் போட்டாள். ஒரு பிடி மாவு விழுந்தது. அதற்குள் சக்கரத்தின் சத்தம் ஏறி, விசிலாகி, பாதுகாப்பு சுவிட்ச் தானாக விழுந்து எல்லாம் நின்றது.

"என்னாச்சு?" என்றார் டீச்சர்.

"கரண்ட இழுக்க ஆளே இல்ல டீச்சர். ஊர்ல ஒரு பல்புகூட எரியல," என்றார் அண்ணன்.

"யாரு அணைக்கச் சொன்னது?"

நான்தான். முந்தின நாள் வீடு வீடாகப் போய், அக்காவுக்காக எல்லாவற்றையும் அணைத்து வைக்கும்படி கெஞ்சியிருந்தேன்.

"ஏன்டா, பல்பு மங்குதான்னு பாக்கத்தானே வந்தேன்? அணைச்ச பல்புல எதைப் பாக்குறது?"

"நல்லதுதான் டீச்சர் நினைச்சேன்."

"நினைக்கிறப்ப மூளையையும் கூடக் கூட்டிட்டுப் போடா," என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. அவள் கை மெஷின்மேலேயே இருந்தது.

[இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நான் வெறும் முட்டாள். அது எனக்குச் சம்மதம்தான். ஆனால்]

ஊரே அணைத்தாலும் இரண்டு கம்பியும் சேர்ந்து தாங்கியிருக்கும். ஒன்று செத்துக் கிடந்தது. நான் வேலையை விட்ட கடைசி இரவில் செத்தது. தெரிந்தும் பதிவேட்டில் எழுதாமல் போனேன். வால்வு பாதி திறந்தே ஓடியதால் மூன்று வாரமாக யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். பதிவேட்டில் என் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். என்னைப் பார்த்தார்.

"மெஷின்ல கோளாறா?" என்றார் டீச்சர்.

"மெஷின் தங்கம் டீச்சர். டேய், ஓடு. ஒரு வீடு விடாம லைட்டப் போடச் சொல்லு."

ஓடினேன்.

"நேத்து அணைன்னே, இன்னிக்குப் போடுங்குற. வெயில் மண்டையில ஏறிடுச்சா?" என்று தையல்காரம்மா திட்டினார். திட்டிக்கொண்டே இஸ்திரிப் பெட்டியையும் செருகினார். ஒருவர் மாட்டுக் கொட்டில் பல்பைக்கூடப் போட்டார். உச்சி வெயிலில் நாற்பத்திரண்டு வீடும் விளக்கேற்றி நின்றன, ஒரு மாவு மெஷினுக்காக. டீச்சர் வாசல் வாசலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

ஒரு மணி நேரம். ஒன்றும் மங்கவில்லை.

அக்கா முதல் மூட்டையைக் கட்டினாள். அதை அவள் தூக்க வேண்டியிருந்தது கொட்டகை வாசல்வரை, பத்தடி தூரம்.

5

முடிவு (அ): ஊர்முன் ஒப்புக்கொள்கிறேன், எல்லோரும் அழுகிறார்கள். சினிமா.

முடிவு (ஆ): வாயே திறக்கவில்லை. அது முந்தைய இரண்டு வரைவுகள்.

நடந்தது: பொழுது சாய்ந்ததும் போய், பழைய தேதிக்குக் கீழே எழுதினேன். 'ஒரு கம்பி எரிந்துவிட்டது. தெரிந்தே எழுதவில்லை.' அண்ணன் படித்தார்.

"கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு," என்றார். "மூணு வாரமா ரெண்டு ஷிஃப்டும் நானே பாக்குறேன்டா. எனக்குத் தூக்கம் வருது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாவியைப் பதிவேட்டின்மேல் வைத்தார். நன்றி சொல்ல நினைத்து, "அண்ணே, அந்த வால்வு" என்று தொடங்கினேன்.

"தெரியும். பாதிதான் தொறந்திருக்கு. சக்கரம் சுத்துறப்ப இந்தக் கதவு உள்ள பூட்டியிருக்கணும், மறந்துட்டியா?"

விடியும்வரை இருந்தேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் பழைய கணக்கைப் பார்த்தால் சந்தேகம்தான். அவர் படியிறங்கிப் போனார். நான் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினேன்.