பந்தக்காலும் மூன்றடுக்குக் கேக்கும்

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தாலி ஏறினால் மட்டும் கல்யாணம் முடிந்தபாடில்லை. மைக்செட்டு வேண்டும், போட்டோ வேண்டும், போதாக்குறைக்கு இப்போது கேக்கும் வேண்டியிருக்கிறது. வடக்கனந்தல் பொன்னுரங்கம் காலையிலிருந்து கறுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவருடைய கடைசி மகள் செவ்வந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பாண்டிச்சேரிக்காரர். அவருடைய அக்காள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தாலி கட்டியதும் மூன்றடுக்குக் கேக்கு வெட்ட வேண்டும். செவ்வந்தியும் தலையாட்டிவிட்டாள். விழுப்புரத்துக் கடையிலிருந்து கேக்கு வரவேண்டிய நாளில், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறியல் சாயங்காலம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டு வேன் கிளம்பிவிடும். மறியலுக்குப் பயந்து கடையைப் பூட்டிவிட்டதால் கேக்குதான் வராது.

செவ்வந்தி அழுதாள். "மொத மொத கேட்டதுக்கே இல்லைன்னு சொன்னா, அந்த வூட்டுல நான் எப்பிடிப்பா தல நிமுந்து நிப்பேன்?"

"கேக்கு வெட்டலன்னா கட்டுன தாலி செல்லாதாடி?"

"சும்மா இருங்க மாமா, நாமளே சுட்டுடலாம்" என்றாள் மருமகள் பூமாலை. சொன்ன கையோடு குண்டானை வைத்து நாலைந்து முட்டையை உடைத்தும்விட்டாள்.

பொன்னுரங்கம் அலறினார். "அடிப்பாவி! பந்தக்கால் நட்ட வூட்டுல முட்டையா? தாலி ஏறுற வரைக்கும் கவுச்சி ஆவாதுன்னு உனுக்குத் தெரியாது?"

அவசரத்தில் மறந்துபோன பூமாலை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரே மஞ்சள் தண்ணீர் கரைத்து வாசலெல்லாம் தெளித்தார். செவ்வந்தியின் அழுகை ஜாஸ்தியானது.

மளிகைக்கடை ஷேக் தாவூதின் மனைவி மெஹ்ராஜ் பேகம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்க வூட்டுல எந்தப் பந்தக்காலு இருக்குது? தூக்கிக்கினு வாங்கடி இங்க."

பேகம் வீட்டுப் புழக்கடையில் அடுப்புகள் எரிந்தன. அகலமான குண்டான்களில் மணலைக் கொட்டி, அதன்மேல் மாவு ஊற்றிய பாத்திரங்களை வைத்து, மூடிமேல் தணலை வாரிப் போட்டார்கள். பொன்னுரங்கம் வேலியை விட்டு நகரவில்லை.

"மணலு உள்ள பூந்துடும். பல்லுல கரகரன்னு மாட்டும். சத்தியமா நான் அதத் தொடமாட்டேன்."

"அண்ணே, நீங்க அந்தாண்ட போனாதான் கேக்கு உப்பும்!" என்றாள் பேகம்.

சாயங்காலத்துக்குள் பெரிசு, நடு, சிறிசு என்று மூன்றும் உப்பி வந்தன. வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்துப் பூசினார்கள். ஆனால் தாலி ஏறும் முன்னால் பந்தலுக்குள் கொண்டுவர வழியில்லையே. மறுநாள் கெட்டிமேளம் அடங்கிய பிறகுதான் மூன்று தாம்பாளங்கள் வேலி தாண்டின. அவசர அவசரமாக ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். வெளியே அக்கினி நட்சத்திர வெயில். வெண்ணெய் இளகி, மேலடுக்கு மெல்லப் பின்பக்கமாக நழுவியது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அக்காள் போட்டோக்காரரோடு வந்துகொண்டிருந்தாள்.

"மாமா! பின்னால கை குடுங்க!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் பூமாலை.

அதைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த மனிதர் ஓடிப்போய் முட்டுக்கொடுத்தார். உள்ளங்கை முழுக்க வெண்ணெயில் புதைந்தது.

"இன்னாம்மா இது, எண்ண கணக்கா ஒழுவுது?"

"பேசாதீங்க. போட்டோவுக்குச் சிரிங்க."

அவர் சிரித்தார், வைக்கோல்போர் சரியாமல் தாங்கிப்பிடிப்பவரின் முகம் அது. பெண்ணும் மாப்பிள்ளையும் வெட்டினார்கள். எதுவும் விழவில்லை. மாப்பிள்ளையின் அக்காள் ஒரு துண்டை நிதானமாக மென்றாள். செவ்வந்தி அவள் வாயையே பார்த்தாள்.

"எந்தக் கடையில வாங்குனீங்க?"

"வூட்டு ஆளுங்கதான் சுட்டாங்க அண்ணி."

"நெஜமாவா? இன்னொரு துண்டு குடு."

செவ்வந்தி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு நாளாகப் பார்க்காத சிரிப்பு. அதைக் கண்ட பிறகுதான் தான் இன்னும் முட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பது பொன்னுரங்கத்துக்கு உறைத்தது. அப்பாடா என்று கையை எடுத்தார்.

பேகம் ஒரு துண்டை நீட்டினாள். "எப்பிடிண்ணே?"

மென்றார். மணல் மாட்டவில்லை. அதிலும் அவருக்குச் சந்தேகம்தான்.

"முட்டுக் குடுத்தாதான் நிக்கும்னா அது இன்னா பலகாரம்? நம்பறதுக்கில்ல தாயி" என்றவர், கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டு, பந்தியில் சாம்பார் யாருக்காவது வராமல் இருக்கிறதா பார்க்கப் போய்விட்டார்.