இரண்டு விளக்கும் பதினொரு நிமிடமும்

"கழற்றிவிடு" என்று அலுவலகக் கடிதத்தில் ஒற்றை வரியில் எழுதியிருந்தால்கூட மாய்லிஸ் பொறுத்துக்கொண்டிருப்பாள். "ஊழியர் தம் விருப்பத்துக்கேற்ப வாகனத்தில் செய்த மாற்றங்கள்" என்று எழுதியிருந்தார்கள். விருப்பமாம்! ஐம்பத்தெட்டு வயதில், குளிரில் விறைத்த சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்து, காரின் வயிற்றுக்குள் கையை விட்டு ஒயர் இழுப்பதற்கு யாருக்கு ஐயா விருப்பம் வரும்?

வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்து, காலைக் கழுவி, சாப்பாட்டைச் சூடாக்கித் தரும் நகராட்சி வேலை அவளுக்கு. இருபத்திரண்டு வருடமாகிறது. வடக்குச் சுவீடனில் எங்கள் ஆற்றோரத்தில் டிசம்பர் வந்துவிட்டால் மத்தியானம் இரண்டு மணிக்கே இருட்டிவிடும். அது போதாதென்று போன வருடம் சிக்கனம் என்ற பெயரில் சாலை விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். கம்பங்கள் மட்டும் வெட்கமில்லாமல் நிற்கின்றன. அலுவலகம் கொடுத்த சின்ன வெள்ளைக் காரின் வெளிச்சம் நகரத்துத் தெருவுக்குப் போதும். காட்டுச் சாலையில் அது மூக்கு நுனியைத் தாண்டாது.

இதில் போன் வேறு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எத்தனை நிமிடம் என்று அதுதான் சொல்லும். அவள் கவனித்துக்கொள்ளும் அல்கோட் வீட்டிலிருந்து பாலத்தடி வீட்டுக்குப் பதினொரு நிமிடம். ஜூலை மாதத்துச் சாலையை வைத்து யாரோ போட்ட கணக்கு. ஒரு நிமிடம் தாண்டினால் திரை சிவக்கும், தாமதத்துக்குக் காரணம் கேட்கும். பட்டியலில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நவம்பரில் ஒரு நாள் இப்படி ஒரு கணக்கைப் பிடிக்க ஓடியபோதுதான் அல்கோட்டையே இடித்துவிடப் பார்த்தாள். எண்பத்து நாலு வயது மனிதர், கறுப்புக் கோட்டு, பனியில் காலால் உதைத்துத் தள்ளும் சறுக்கு வண்டியில் தபால் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தாள். கார் வழுக்கிக்கொண்டே போய் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அவர் திட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் ஐந்து நிமிடம் காரை எடுக்கவில்லை. திரை சிவந்தது.

எங்கள் பக்கம் மேலாளரையும் நீ என்றுதான் பேசுவோம். அதனால் ஒரு லாபமும் கிடையாது. மறுநாளே மேலாளர் பெர்னிலாவிடம் கூடுதல் விளக்கு கேட்டாள்.

"மெதுவா ஓட்டேன்," என்றாள் பெர்னிலா.

"அப்ப நேரத்தைக் கூட்டிக் குடு."

"அது சிஸ்டம் போடறது, மாய்லிஸ். என் கையில இல்ல."

யார் கையில் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. தானே ஒரு ஜோடி வட்ட விளக்கு வாங்கி, சனிக்கிழமை காரை வீட்டுக் கொட்டகைக்குள் விட்டாள். கணவன் யெர்கர் காபிக் கோப்பையோடு வந்து வாசலை மறித்து நின்றான்.

"பார்க்கிங் லைட் ஒயர்ல சொருகி விடேன். அஞ்சு நிமிஷ வேலை."

"எதிர்ல வர்றவன் கண்ணு போகட்டும்னா? பிரைட் போட்டா எரியணும், டிம் அடிச்சா சேர்ந்து அணையணும். தெரியலன்னா காபியக் குடி."

ஓர் ஓட்டை போடவில்லை. நம்பர் பிளேட்டைப் பிடித்திருந்த திருகாணிகளே விளக்குச் சட்டத்தையும் பிடித்தன. பேட்டரி பக்கத்தில் ரிலே, பியூஸ். காரில் ஏற்கெனவே இருந்த ரப்பர் மூடி வழியாக உள்ளே சுவிட்சுக்கு ஒரு ஒயர். கையால் இழுத்தால் கழன்று வருகிற மாதிரி சாக்கெட். நாளைக்கே கேட்டாலும் வந்தபடி திருப்பித் தரலாம். மூன்று மணி நேரம் ஆனது. பிரைட் போட்டதும் வெளிச்சம் உறைந்த ஆற்றைத் தாண்டிப் போனது. உடனே அக்கரையிலிருந்து போன்.

"மாய்லிஸ், எங்க வீட்டுத் திரைச்சீலையில ஓட்டை இருக்கறது இப்பத்தான் தெரிஞ்சுது. ரொம்ப நன்றி."

மூன்று வாரம் நிம்மதியாக ஓட்டினாள். பனிமான்கள் சாலையில் நிற்பது நானூறு மீட்டர் தள்ளியே தெரிந்தது. அல்கோட்டைத் தூரத்திலேயே பார்த்து டிம் அடித்தாள். அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை பயண நேரத்தைச் சரிபார்க்கப் பெர்னிலா கூடவே வருவாள், அதற்குள் கழற்றியிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பெர்னிலாவின் கண் முன்னாலேயே கழற்றி, துண்டில் சுற்றி டிக்கியில் வைத்தாள். வண்டியை நாற்பதில் ஓட்டினாள். எண்பது போகலாம் என்று பலகை இருந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்றாவது வீட்டுக்கே இருபது நிமிடம் பிந்தியாகிவிட்டது. இருட்டிவிட்டது. பெர்னிலாவின் மடியில் இருந்த போன் சிவந்து சிவந்து அணைந்தது.

"நாலு மணிக்கு நான் பொண்ணைக் கூட்டிட்டு வரப் போகணும்," என்றாள் பெர்னிலா. "கொஞ்சம் வேகமா போகலாமே?"

"போகலாம். எதைப் பார்த்துப் போகணும்னு சொல்லு."

பெர்னிலா கண்ணாடி வழியே முன்னால் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. பிறகு இருந்தது. ஒரு கறுப்பு உருவம், நடுச்சாலையில். மாய்லிஸ் பிரேக்கை அழுத்தினாள். நாற்பதில் வந்ததால் கார் ஒழுங்காக நின்றது. பெர்னிலா மட்டும் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அல்கோட் சறுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலைத் தட்டினார்.

"மாய்லிஸா? உன் விளக்கு எங்க? கார் வர்ற சத்தம் எனக்குக் கேக்காது, அந்த வெளிச்சம் மரத்துல பட்டாத்தான் ஓரமா ஒதுங்குவேன். திருடிட்டானுங்களா?"

"கழட்டச் சொல்லிட்டாங்க, அல்கோட்."

"எந்த முட்டாப்பய?"

மாய்லிஸ் வைப்பரைப் போட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். அல்கோட் வண்டியை உதைத்துக்கொண்டு போனார்.

"மாட்ட எவ்வளவு நேரமாகும்?" என்றாள் பெர்னிலா.

"பதினொரு நிமிஷம்."

"சரி, மாட்டிக்கோ. நான் பாக்கலன்னு வச்சுக்கறேன்."

அங்கேதான் மாய்லிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. நவம்பரிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

"பாத்தேல்ல! இப்பத்தானே பாத்தே! அந்த மனுஷன் செத்திருந்தா அப்பவும் பாக்கலன்னு வச்சுப்பியா? ஜெயிலுக்கு நான் போவேன், நீ சிஸ்டம்னு சொல்லிட்டு உக்காந்திருப்பே!" கடிதத்தை எடுத்து அவள் மடியில் போட்டாள். "இதுலயே எழுது. விளக்கு இருக்கணும்னு. என் காருக்கு மட்டும் இல்ல, நம்ம ஆபீஸ் ஆறு காருக்கும்."

"கையுறையோட எழுத முடியாது."

"கழட்டு. நான் வெறுங்கையோடதான் போல்ட்டு முறுக்கினேன்."

பெர்னிலா கழற்றினாள். எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். மாய்லிஸ் அதை இரண்டு தடவை படித்து, மடித்து, உள்பையில் வைத்துக்கொண்டுதான் காரை ஓரம் கட்டி இறங்கினாள். டார்ச்சைப் பெர்னிலாவிடம் கொடுத்தாள்.

"இங்க காட்டு. ஆட்டாதே."

முதல் விளக்கு ஏறுவதற்குள் பெர்னிலாவின் சட்டைப்பையில் போன் கத்தியது. அவள் எடுத்துப் பார்த்தாள்.

"தாமதத்துக்குக் காரணம் கேக்குது."

மாய்லிஸ் திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னாள். "இருட்டுன்னு போடு."

பெர்னிலா விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினாள்.

"பட்டியல்ல அது இல்லயே."

"தெரியும்," என்றாள் மாய்லிஸ். "போன வருஷத்துலேர்ந்து தேடிட்டிருக்கேன்."