அட்டை இல்லாத தேக்சா

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வேண்டுமானால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். யாரிடமாவது கற்பூரம் இருந்தால்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரேக் டிரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தினகரனுக்கு நெட்வொர்க் வேலை. ஒப்பந்த ஆள். இரண்டு மணி லாரி லேபிளோடு கிளம்பினால் வேலை நிரந்தரம்; இல்லையென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேலாளர் வரதன் சொல்லிவிட்டார். மணி பன்னிரண்டரை. லேபிள் பிரிண்டர் காலையிலிருந்து ஊமை.

கிழக்குக் கொட்டகையில் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் ஒன்று, மேற்கில் ஒன்று, நடுவில் ஒரு கேபிள். தினகரன் கேபிளை மாற்றினான், போர்ட்டை மாற்றினான், சட்டையைக்கூட மாற்றினான். அவன் நடந்த நடையில் சிமென்ட் தரையில் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது.

போனில் வரதன்: "என்னப்பா, ஆச்சா?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"இத்தோட பதினெட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

முதல் கேட்டில் கூச்சல். பூந்தமல்லியிலிருந்து கேன்டீனுக்குப் பிரியாணி கொண்டுவரும் நிஜாமுதீன், தலையில் அண்டா போன்ற தேக்சாவோடு, காவலர் துலுக்கானத்திடம் மல்லுக்கு நின்றார்.

"இன்னா அண்ணாத்தே! நீ கேன்டீனுக்குப் போன்னு சொல்றே, ரெண்டாவது கேட்டுக்காரன் காயலான் கிடங்குக்குத் தள்றான். அங்கேர்ந்து சுத்திகினு மறுபடி உன்கிட்டயே வரேன். பதினோரு ரவுண்டு!"

"என் கேட்டுல அடையாள அட்டை இல்லாதவன் கேன்டீன் ஆளு, பாய். அவன் கேட்டுல அட்டை இல்லாதவன் காயலான் ஆளு. வம்பே வேணாம்னு கேட்டையே சாத்திட்டேன்."

ரவுண்டுக்கு ஒன்றாகப் பெருகி, நிஜாமுதீனுக்குப் பின்னால் பதினோரு தேக்சா ஆவி பறக்க நின்றது. யாரும் வியக்கவில்லை, பசி வேளை.

அந்தப் பேச்சு காதில் விழ, தினகரன் அன்றைக்கு முதல்முறையாக ஓர் இடத்தில் நின்றான்.

ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி வரிசைகள்தான் வி-லேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்த வழியைத் திறப்பது, எதை அடைப்பது என்று சுவிட்சுகள் தங்களுக்குள் துண்டுச் சீட்டு அனுப்பிக்கொள்ளும். அதில் எண் இருக்காது. எண் இல்லாமல் வருவதை எந்த வரிசையில் சேர்ப்பது என்று சொல்வது நேட்டிவ் வி-லேன். தணிக்கைக்காரர் சொன்னாரென்று காலையில் மேற்கு சுவிட்சில் அதை ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பதாக்கியிருந்தான். கிழக்கில் மாற்றுவதற்குள் டீ மணி அடித்தது, எழுந்து போய்விட்டான். சீட்டுகள் ஒத்துவராமல் சுவிட்ச் சந்தேகப்பட்டு, துலுக்கானத்தைப் போலவே வழியைச் சாத்திவிட்டது.

ஓடினான். கிழக்கிலும் தொண்ணூற்றொன்பது. அரை நிமிடம் காத்திருந்ததில் பத்து நகங்களும் கடித்தே தீர்ந்தன. பிரிண்டர் இருமியது. தேங்கியிருந்த லேபிள் எல்லாம் ஒரே மூச்சில் வெளிவந்து, பக்கத்து ஊரான பாடியின் மேம்பாலம் வரை நீண்டது. சுருட்டிக்கொண்டு வர நான்கு பேர் போனார்கள். லாரி ஒன்று ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பியது. மிச்ச லேபிளின் பின்பக்கத்திலேயே வரதன் நிரந்தர உத்தரவை எழுதிக் கொடுத்தார்.

துலுக்கானமும் இரண்டாவது கேட்டோடு பேசி முடித்தார்: "இனிமே ரெண்டு கேட்லயும் கேன்டீன்தான், இன்னா?"

கற்பூரம் தேட வேண்டாம்; அந்தத் தொழிற்சாலைக்கு இருப்பது ஒரே ஒரு கேட்.