நாலு மணி பிரேக்

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே சவுந்தரம் மதுக்கூடத்து மேசை ஒன்றில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்தை விடப் பெரிய எஃகுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. பியரை அங்கேயே காய்ச்சுகிறார்களாம். இந்தப் பக்கம் காப்பி இயந்திரம் சீறிக்கொண்டிருந்தது. பின்கட்டு முற்றத்தில், நீளமான கரி அடுப்பின் முன்னால், இராயப்பன் முதுகைக் காட்டி நின்றார். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் புருஷன் வேலை செய்வதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மாக் மண்டினில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷம் மெஷின் ஓட்டியவரை வேறெந்தத் தொழிற்சாலையும் எடுக்கவில்லை. ஜார்ஜ்டவுனில் பழைய கிடங்கொன்றை மதுக்கூடமாக மாற்றியவர்கள்தான் இறைச்சி வாட்ட ஆள் வேண்டுமென்று எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து அவர் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். விடியுமுன் பாயான் பாருவில் அவள் ஃபேக்டரி பஸ் ஏறும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளான திங்கட்கிழமை அவளுக்கு வேலை. அவளுடைய ஓய்வு நாளில் ஓவர்டைமுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பதினாலு மாதம் இப்படியே போயிற்று. காலையில் வாளியில் கிடக்கும் அவருடைய சட்டையை எடுத்து அவள் முகர்ந்து பார்ப்பாள். கரிப்புகை, கொழுப்பு, அதற்கடியில் கொஞ்சம் அவர்.

இன்றைக்குக் கல்யாண நாள். ஓவர்டைம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் கறி தயார் செய்ய, அவள் கண் விழிக்குமுன்னே அவர் கிளம்பிப் போய்விட்டார். போனில் அவருடைய குரல் மட்டும் காத்திருந்தது. "நாலு மணிக்கு வா. கிஷன்கிட்ட கேட்டுட்டேன், அரை மணி நேரம் பிரேக் தர்றாராம். ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்லா."

பரிமாறும் பெண் ஷர்மினி சிரித்துக்கொண்டே வந்தாள். "ஆண்ட்டி, அங்கிளோட வைஃப்தானே? காலையிலேருந்து நீங்க வர்றீங்க வர்றீங்கன்னு ஒரே பேச்சு. காப்பி போடவா?"

"பால் ஊத்தி, கொஞ்சம் இனிப்பா போடும்மா."

வந்த காப்பியின் நுரையில் இலை ஒன்று வரைந்திருந்தது. கலைக்க மனசில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு இராயப்பன் தட்டோடு வந்தார். ஏப்ரனைக் கழற்றி அக்குளில் சுருட்டி வைத்திருந்தார். ஒரு புருவம் பாதி கருகிப்போயிருந்தது. விளக்கணைத்த அறையில் அது அவள் கண்ணில் பட்டதேயில்லை.

"என்னங்க, புருவம் எங்க?"

"அடுப்பு தின்னுருச்சு." சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "சேலை புதுசா?"

"போன கிறிஸ்மஸுக்கு எடுத்தது. நீங்கதான் பாக்கல."

அவர் விலா எலும்பிலிருந்து கறியைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். அதற்குள் சூப்பர்வைசர் கிஷன் வந்து நின்றான்.

"அண்ணே, சாரி. ஆறு மணி புக்கிங் நாப்பது பேரு, இப்பவே வந்துட்டாங்க. பஸ் வெளிய நிக்குது."

"தம்பி, ஒரு பத்து நிமிஷம்..."

"அடுப்ப வேற யாருண்ணே பாப்பாங்க? பாஸ் கேமராவுல பாத்துக்கிட்டு இருக்காரு. அக்கா, இந்த மேசையும் அவங்களுக்குத்தான். பேக் பண்ணித் தரச் சொல்றேன்."

இராயப்பன் அவளைப் பார்க்காமல் எழுந்து ஏப்ரனைக் கட்டினார். முடிச்சு விழவில்லை. சவுந்தரம் அவருக்குப் பின்னால் போய்க் கட்டிவிட்டாள். முதுகு முழுக்க ஈரம்.

"போங்க. பரவால்ல," என்றாள்.

பொட்டலத்தைக் கொடுக்கும்போது ஷர்மினி குரலைத் தாழ்த்தினாள். "ஆண்ட்டி, பின் சந்துக்குப் போங்க. அடுப்புக்கிட்ட ஒரு ஜன்னல் இருக்கு."

சந்தில் குப்பைத் தொட்டிகள் நாறின. சேலையைத் தூக்கிப் பிடித்து, சாக்கடைத் தண்ணீரைத் தாண்டிப் போனாள். இரும்புக் கம்பி போட்ட ஜன்னலுக்கு உள்ளே, கையெட்டும் தூரத்தில் அவர். இரண்டு கையிலும் இடுக்கி.

"என்னங்க."

திடுக்கிட்டுத் திரும்பினார். "இங்க ஏன் வந்த? வீட்டுக்குப் போ."

"காலையிலேருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

அவர் இறைச்சியைப் புரட்டினார். சவுந்தரம் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டைப் பிய்த்து, கம்பிக்குள் கையை விட்டாள். அவர் ஒருமுறை பின்னால் பார்த்துவிட்டுக் கழுத்தை நீட்டி வாயில் வாங்கிக்கொண்டார். அவளும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள். ஒருவரையொருவர் பார்த்தபடி மென்றார்கள்.

"உப்பு சரியா இருக்கா?"

"இருக்கு."

"அடுத்த வருஷமாவது..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அண்ணே! ரிப்ஸ் பன்னெண்டு! சீக்கிரம்!"

வாயிலிருந்ததை மென்று முடிக்காமலே அவர் அடுப்பின் மறுகோடிக்கு ஓடி, தட்டுகளைப் பரப்பி, இறைச்சியை அடுக்க ஆரம்பித்தார். அடுத்த துண்டோடு கம்பிக்குள் நீட்டிய கையைச் சவுந்தரம் எடுக்கவில்லை. அனல் முழங்கை வரை சுட்டது.