போணி முகம்

இக்னேஷியஸ் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாயம் அடிக்கிறவன். வெள்ளைக்காரன் போன மறு வருஷம், ராயபுரம் குப்பத்துத் திருவிழாவுக்கு மாதா படம் எழுத அவனைக் கூப்பிட்டார்கள்.

"சரியா வரலன்னா பூக்கடை பஜார்ல மாதா காலண்டர் வாங்கி மாட்டிடுவோம்" என்றார் கோயில் உபதேசியார் சூசை.

அத்தோடு அவன் தூக்கம் போயிற்று. கப்பல் வயிற்றுக்குப் பூசுகிறவன் என்ற பேரோடு சாக அவனுக்கு இஷ்டமில்லை.

பழைய பாய்மரத் துணியை இழுத்துக் கட்டி எழுதினான். நீல முக்காடு வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. சாந்தமான பொம்பளை முகத்துக்குக் குப்பத்தில் எங்கே போவது? வீட்டில் இருந்த பெண்டாட்டியோ அடைக்கலமேரி. மீன் விற்கிறவள். அவள் வாயைத் திறந்தால் கூடைக்கு வந்த காக்கை மன்னிப்புக் கேட்டுப் போகும்.

ஒரு காலை மார்க்கெட்டில் அதைப் பார்த்தான். அன்றைய முதல் வியாபாரம், போணி. வாங்கின காசை மேரி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் மூடியது, அதிசயமாய் வாயும் மூடியது. உலகத்துச் சாந்தமெல்லாம் அந்த முகத்தில் இறங்கி, மறு நொடியே பறந்துவிட்டது.

"செவுள தூக்கித் தூக்கிப் பாக்காதடா, கஸ்மாலம்!" என்று அடுத்து வந்த கிராக்கி மேல் பாய்ந்தாள்.

ஒரு நாளைக்கு ஒரு போணிதானே. தினமும் உப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஓர் இமை, ஒரு கன்னம் என்று எழுதி, மேரி கண்ணில் படாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். எண்ணெய்ச் சாயம் மெல்லத்தான் காயும். தப்பானால் துடைத்து எழுதலாம்.

பக்கத்துக் கூடை பூவம்மாவை அவன் நோட்டம் விடுகிறான் என்று எவளோ மேரி காதில் போட்டாள். மீன் கத்தியோடு வந்தாள் மேரி.

"யோவ், மூட்டைக்குப் பின்னால நின்னுகினு அவள பாத்து, வூட்ல வந்து வரைஞ்சிகினு கீறியா? நவுரு, கிழிக்கிறேன்!"

படத்தைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றவும் வழியில்லை, சாயம் ஈரம்.

"பாத்துட்டுக் கிழி" என்று விலகினான்.

பார்த்தாள். கத்தி தாழ்ந்தது.

"நானாய்யா இது?"

"போணி நேரத்துல."

"இவ்ளோ நல்லவளாவா கீறேன்?"

"கண்ண மூடித் தொறக்கற நேரம்."

"த்தூ! மூக்குத்தி எங்க?"

"மாதாவுக்கு ஏதுடி மூக்குத்தி?"

"மூஞ்சி என்னுதுன்னா மூக்குத்தியும் என்னுது. போடு."

போட்டான்.

திருவிழாவன்று ஒருவன் ஏணியில் ஏறிப் படத்தை மாட்டும்போது சூசை உற்றுப் பார்த்தார். "இன்னாடா இது, மாதாவுக்கு மூக்குத்தியா? எறக்கு!"

மேரி வாயைத் திறப்பதற்குள் பூவம்மா முன்னால் வந்தாள்.

"எறக்கிப் பாரு, உபதேசியாரே. நாளைலர்ந்து உன் வூட்டுக் கொழம்புக்கு எவ மீன் தர்றான்னு பாக்கலாம்."

கூடைக்காரிகள் எல்லோரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள்.

சூசை மாதாவைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். ஏணிக்காரனிடம் திரும்பினார்.

"இன்னா முழிக்கிற? ஆணிய கெட்டியா அடி."